பானைப் பொந்தில் முக்கால் மணி நேரம்

மூச்சுக் குமிழி ஒன்றுகூட மேலே வராமல் ஒரு மனிதன் முக்கால் மணி நேரம் ஆற்றுக்கு அடியில் உயிரோடு இருக்க முடியுமா?

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்த எனக்கு அன்று பதில் தெரியவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. ஊட்டமலை இன்னாசி அப்படி இருந்திருக்கிறான். அவனிடமும், அவன் மனைவி தெரசாவிடமும், அவன் கூட்டாளியின் மனைவி காசியம்மாளிடமும் கேட்டறிந்ததை வைத்து எழுதியது இது.

இன்னாசி பிறந்தது காவிரிக் கரையில். அப்பா பரிசல் போட்டுப் பிழைத்தவர். நடக்கக் கற்றதும் நீந்தக் கற்றதும் ஒரே வருஷம் என்று இன்னாசி சொல்லிச் சிரிப்பான். ஆள் குட்டை, நெஞ்சு மட்டும் மத்தளம்போல அகலம். ஒரு மூச்சு பிடித்து முங்கினால் கரையில் நிற்பவர் நூற்றைம்பது எண்ணிய பிறகுதான் தலை வெளியே வரும். அந்த நெஞ்சைப் பார்த்துத்தான் மாதேஸ்வரன் அவனைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டான். இன்னாசிக்கு அப்போது பத்தொன்பது வயது.

மாதேஸ்வரன் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைத்துப் பழகியவன். வலது கையில் மூன்று விரல்கள்தான் மிச்சம். குவாரியிலிருந்து வெடித் தோட்டாவும் திரியும் கடத்திவந்து, ஆற்றில் போட்டு மீன் அடிப்பான். வெடித்ததும் பாதி மீன் செத்து மிதக்கும், மீதி அடியில் போய்ப் படுத்துவிடும். நீரோட்டம் இழுத்துப் போவதற்குள் அதை அள்ளி வர ஆள் வேண்டும். இன்னாசியும் பச்சியப்பனும் அந்த ஆட்கள். மாதேஸ்வரனின் மச்சினன் சென்றாயன் பரிசலுக்குத் துடுப்புப் போடுவான். நாலு பேரும் ஐந்து வருஷம் ஒன்றாகத் தொழில் செய்தார்கள். அதில் இன்னாசிக்கு இடது காது கேட்காமல் போயிற்று.

அந்தத் தொழிலில் மீறக்கூடாத விதி ஒன்று இருந்தது. முங்கினவன் மேலே வந்து உள்ளங்கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதைக் காணாமல் அடுத்த திரியில் நெருப்பு வைக்கக்கூடாது. தண்ணீருக்குள் வெடி வெடித்தால், தண்ணீரில் இருக்கிற உயிர் எதுவானாலும் உள்ளே நசுங்கிவிடும். மீனுக்கும் மனிதனுக்கும் அதில் வித்தியாசம் இல்லை.

விதியைத் தவிர ஒரு வித்தையும் உண்டு. மாதேஸ்வரன் பரிசல் விளிம்பில் குந்திக்கொண்டு மேலே வரும் குமிழிகளைப் படிப்பான். முங்கினவன் எங்கே இருக்கிறான், எந்தப் பக்கம் போகிறான் என்று குமிழியை வைத்தே சொல்லுவான். “குமிழி நின்னா ஆளு முடிஞ்சான்” என்பது அவன் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த பாடம். ஐந்து வருஷத்தில் அது ஒரு முறையும் பொய்த்ததில்லை.

பொய்க்கிற இடம் ஒன்று அந்த ஆற்றிலேயே இருந்தது. வெடி வேலை இல்லாத ஒரு நாள், அடிபட்ட வாளை மீனைத் துரத்திக்கொண்டு இன்னாசி ஒரு பெரிய பாறைக்கு அடியில் புகுந்தான். இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு வாய். அதற்குள் நுழைந்து மேல்நோக்கிப் போனால் பாறையில் தலை இடிக்கும் என்று நினைத்தவனுக்கு, முகத்தில் காற்றுப் பட்டது. பானையைக் கவிழ்த்து நேராகத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே காற்று அப்படியே நிற்குமே, அதுபோலப் பாறையின் வயிற்றுக்குள் காற்று நின்றிருந்தது. மாட்டுவண்டிக் கூண்டு அளவு இடம். ஒரு ஓரத்தில் பலகைபோல நீட்டிக்கொண்டிருந்த கல்லில் ஒருவர் ஒடுங்கிப் படுக்கலாம். வெயில் ஏறிய நேரத்தில், கீழே இருக்கிற வாய் வழியாகப் பச்சை வெளிச்சம் வரும். அங்கே விடுகிற மூச்சு அங்கேயே நிற்கும். வெளியே குமிழி போகாது.

பச்சியப்பனுக்கு மட்டும் அதைக் காட்டினான். பானைப் பொந்து என்று பெயர் வைத்ததும் பச்சியப்பன்தான். சும்மா இருக்கிற நாட்களில் இருவரும் போய், ஒருவர் கல்லிலும் ஒருவர் கழுத்தளவு தண்ணீரிலுமாகக் கிடப்பார்கள்.

“இந்த அமைதி எங்க வூட்ல கெடைக்குமாடா? காசியம்மா கூப்டாலும் இங்க கேக்காது” என்பான் பச்சியப்பன்.

“அக்காகிட்ட சொல்லவா?”

“சொல்லிட்டு நீயே இங்க குடி வந்துரு. உனக்கும் சோறு கெடைக்காது.”

எண்பத்து மூன்றாம் வருஷம் பங்குனி மாதம் பச்சியப்பன் செத்துப்போனான். அன்று அவன் முறை. தோட்டா வெடித்ததும் முங்கினான். இன்னாசி பரிசலில் நின்றான். மழை பொய்த்த வருஷம், ஆறு வற்றி மீனெல்லாம் மடுவில் குவிந்துகிடந்தது. பாறைச் சந்திலிருந்து கெண்டைக் கூட்டம் ஒன்று பளபளவென்று வெளியே வந்தது. மாதேஸ்வரனின் கண் அதில் போயிற்று. கை தானாகப் பீடியிலிருந்து திரிக்கு நெருப்பை மாற்றியது.

“அண்ணா, கை பாக்கலியே! பச்சி உள்ள இருக்கான்!” என்று கத்திக்கொண்டே இன்னாசி அவன் கையைப் பிடிக்கப் பாய்ந்தான். அதற்குள் தோட்டா தண்ணீரில் விழுந்திருந்தது.

மூன்றாம் நாள் மணல் திட்டில் பச்சியப்பன் மிதந்துவந்தான். கண்ணும் மூக்கும் இருந்த இடம் தெரியாமல் முகம் ஊதியிருந்தது. மாதேஸ்வரன் கரையில் ஒரு சாராயப் பாட்டிலைப் போட்டுவைத்து, குடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்று ஊரெல்லாம் சொன்னான். ஊர் நம்பியது. அன்று சாயங்காலமே புதைத்துவிட்டார்கள்.

எட்டு நாள் இன்னாசியும் வாயை மூடிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் நாள் காசியம்மாள் வந்து அவன் வீட்டு வாசலில் நின்றாள்.

“தம்பி, நீயும்தான கூட இருந்த. எம் புருசன் வாயில சாராயம் பட்டு நீ பாத்திருக்கியா?”

“இல்லக்கா.”

“அப்பறம் ஊரு சொல்லுதே. எம் புள்ளைங்கள குடிகாரன் பெத்ததுன்னு சொல்லுதே.”

இன்னாசி சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். நடந்ததை நடந்தபடி சொன்னான். வழக்குப் பதிவானது. மாதேஸ்வரன் ஜாமீனில் வெளியே வந்தான். கண்ணால் பார்த்தவர்கள் இருவர்தான், அதில் சென்றாயன் மாதேஸ்வரனின் ஆள். மிஞ்சியது இன்னாசி.

அந்த ஒரு வருஷம் அவன் உடம்பில் அடி படாத இடமில்லை. பென்னாகரம் சந்தையில் நாலு பேர் நடுவே மாதேஸ்வரன் அவன் மூக்கை உடைத்தான். இன்னொரு தடவை துடுப்பால் அடித்து இரண்டு விலா எலும்பை முறித்தான். வீட்டுக் கூரைக்குத் தீ வைத்தார்கள். தெரசா கைக்குழந்தையோடு வெளியே ஓடிவந்தாள்.

வழக்கு விசாரணை அடுத்த வருஷம் வைகாசியில் ஒரு திங்கட்கிழமைக்கு வந்தது. தர்மபுரிக் கோர்ட்டில் இன்னாசி ஏறி நின்று சொல்ல வேண்டும். அதுவரை அவன் உயிரோடு இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை தெரசா அழுதாள், பிறகு திட்டினாள். “இன்னிக்கே பஸ் ஏறுங்க. மாரண்டஹள்ளில எங்கண்ணன் வூட்ல இருந்துட்டு அங்கிருந்தே கோர்ட்டுக்குப் போயிரலாம். ஆத்துப் பக்கம் தல வெச்சுப் படுக்காதீங்க.”

“நேத்துப் போட்ட வலை கெடக்குது தெரசா. எடுத்துட்டு வந்துர்றேன், மத்தியான பஸ்ஸுக்குப் போலாம்.”

“வலைதான் சாட்சி சொல்லப் போவுதா?”

“வலை போனா உங்கண்ணனா வாங்கித் தருவான்?” என்று சிரித்துவிட்டு அவன் கிளம்பினான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் தெரசாவுக்குக் கோபம் வருகிறது.

ஆற்றில் ஆள் நடமாட்டம் இல்லை. இன்னாசி பரிசலில் குனிந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது, பானைப் பொந்து இருந்த பாறைக்குப் பின்னாலிருந்து இன்னொரு பரிசல் வந்து இடித்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் சென்றாயனின் துடுப்பு அவன் தலையில் இறங்கியது. கண்ணில் ரத்தம் வழிந்து ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது அடியைக் கையால் தடுத்தான். மணிக்கட்டு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது.

மாதேஸ்வரன் மீன் வெட்டுகிற கத்தியோடு அவன் பரிசலில் கால் வைத்தான். “திங்கக்கெழம என்னடா சொல்லப் போற? இப்ப சொல்லு, நான் கேக்கறேன்.”

“நடந்ததச் சொல்லுவேன் அண்ணா.”

கத்தி தோளில் கிழித்தது. இன்னாசி பரிசலை ஒரு உதை உதைத்துக் கவிழ்த்தான். இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். மாதேஸ்வரன் மறு பரிசலில் தொற்றி ஏறுவதைத் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தான். பிறகு, “தோட்டாவ எடுடா மாப்ளே!” என்ற கத்தல் மங்கலாகக் கேட்டது.

மாதேஸ்வரன் எப்போதும் நாலு விரல் நீளத் திரிதான் வெட்டுவான். தண்ணீரில் விழுந்த பிறகு பத்து எண்ணுவதற்குள் வெடிக்கும். கரைக்குப் போக நேரமில்லை. இன்னாசி எண்ணிக்கொண்டே தலைகீழாகப் பாய்ந்தான். மூன்று. நாலு. முறிந்த கை ஒத்துழைக்கவில்லை. ஒற்றைக் கையால் பாறையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பொந்தின் வாய்க்குள் நுழைந்தான். ஏழு. தலை காற்றுக்கு வந்தது. எட்டு. நெஞ்சைக் கல்லின்மேல் ஏற்றினான். ஒன்பது. வலது காலையும் மேலே இழுத்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே தண்ணீரிலேயே இருந்தது.

சம்மட்டியால் முழங்காலுக்குக் கீழே ஓங்கி அடித்ததுபோல இருந்தது. பாறையே குலுங்கிற்று. அலறினான், அலறல் அந்தக் கூண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. கீழே வாய் வழியாகச் செத்த மீன்கள் ஒவ்வொன்றாக உள்ளே மிதந்துவந்து, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு அவன் காலில் முட்டின. காலை மேலே தூக்கிப் பார்த்தான். பாதம் தப்பான பக்கம் திரும்பியிருந்தது.

இன்னாசி அங்கேயே கிடந்தான். மேலே அவர்கள் குமிழிக்காகக் காத்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். குமிழி வராது. முடிந்தான் என்று போய்விடுவார்கள். பிறகு மெல்ல வெளியே போகலாம். அப்படித்தான் நினைத்தான்.

அவர்கள் போகவில்லை. சென்றாயன் பிற்பாடு போலீசில் சொன்னதிலிருந்துதான் காரணம் தெரிந்தது. “போலாம் மாமா” என்று அவன் கூப்பிட்டிருக்கிறான். மாதேஸ்வரன் விரல் விட்டு எண்ணியிருக்கிறான். “இன்னிக்கி சனி. மூணாம் நாளு திங்கக்கெழம. கோர்ட்டு நாளு அதுவுமா மெதந்து வருவான்டா. பச்சிய அப்படி வுட்டதுதான தப்பாப் போச்சு? கல்லக் கட்டி அடியிலயே வெச்சுட்டு வரேன்.” இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைச் சென்றாயனிடம் கொடுத்தான். பிணத்தைத் தேடி அரை மணி நேரம் முங்கி முங்கி எழுந்தான். மிச்சமிருந்த இடம் அந்தப் பாறைக்கு அடிதான்.

பொந்துக்குள் பச்சை வெளிச்சம் திடீரென்று மறைந்தது. தண்ணீர் பிளந்து ஒரு தலை மேலே வந்தது.

மாதேஸ்வரன் காற்றை வாய் நிறைய இழுத்து, மேலே பார்த்தான், பக்கத்தில் பார்த்தான். “டேய்... என்னடா எடம் இது?” என்றான், சின்னப் பையன் கேட்பதுபோல. அடுத்த நொடி கத்தி பாய்ந்தது.

அது தொடையில் இறங்கியது. இன்னாசி நல்ல காலால் அவன் முகத்தில் உதைத்தான். பல் உடைந்தது. மாதேஸ்வரன் மறுபடி குத்த வந்த கையை இன்னாசி பிடித்து, மூன்று விரலையும் சேர்த்து எலும்பு தெரியக் கடித்தான். கத்தி மறு கைக்கு மாறியது. இன்னாசி கயிற்றைப் பற்றி மாதேஸ்வரனின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினான். மூச்சு முட்டி, மாதேஸ்வரன் கயிற்றையே குருட்டுத்தனமாக அறுத்தான். கழுத்திலிருந்து கயிறு நழுவியது. இருவரின் ரத்தமும் தண்ணீரில் கலந்து கீழே வாய் வழியாக வெளியே போயிற்று.

அறுந்த முனையும் போயிற்று. யாரோ மேலே இழுக்கிறார்கள் என்பது தெரிந்தது. பாம்புபோல நெளிந்து நெளிந்து அது கண்ணுக்கு மறைவதை இன்னாசி பார்த்தான்.

“மேல ஏறு” என்றான்.

“என்னடா?”

“அண்ணா, மேல ஏறு. தண்ணிய விட்டு வெளிய வா. உம் மாப்ள கையில இப்ப அறுந்த கயிறு இருக்குது. மேல ரத்தம் வந்திருக்கும். தோட்டா வெச்சிருக்கானா?”

“ஒண்ணு இருக்குது.” மாதேஸ்வரன் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். “பயங்காட்றியா? அவன் எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்டா. எம்மேல போடுவானா?”

“நீ செத்துட்டேன்னு நெனச்சாப் போடுவான். நான் உசுரோட இருக்கேன்னு நெனச்சாப் போடுவான். குமிழி வரலியே. குமிழி நின்னா ஆளு முடிஞ்சான். நீ கத்துக் குடுத்ததுதான?”

மாதேஸ்வரனின் சிரிப்பு நின்றது. மேலே பாறையைப் பார்த்தான், கீழே தண்ணீரைப் பார்த்தான். மூச்சை நிறுத்திக் காது கொடுத்தான். இன்னாசி கல்லின்மேல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, முறியாத கையை நீட்டினான்.

“புடி. காலத் தண்ணிக்குள்ள வெக்காத.”

மாதேஸ்வரன் அந்தக் கையைப் பற்றினான். பற்றிக்கொண்டு பலமாக இழுத்தான். மேலே ஏறுவதற்காக இழுத்தானா, இன்னாசியைக் கீழே இழுத்துப் போடுவதற்காக இழுத்தானா என்பது இன்றுவரை இன்னாசிக்குத் தெரியாது. கல்லிலிருந்து அவன் உடம்பு ஒரு சாண் வழுக்கியது.

அப்போது வெடித்தது.

கையைப் பற்றியிருந்த பிடி இறுகி, பிறகு தளர்ந்தது. மாதேஸ்வரனின் வாயிலும் மூக்கிலும் காதிலும் ஒரே சமயத்தில் ரத்தம் வந்தது. கண் திறந்தபடியே இருந்தது. மெதுவாக மல்லாந்து, செத்த மீன்களுக்கு நடுவே மிதந்தான். இன்னாசி ஏதோ சொன்னான். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. மிச்சமிருந்த காதும் போய்விட்டது.

காற்று கெட்டுத் தலை கனக்கத் தொடங்கியதும் அவன் இறங்கினான். ஒரு கை, ஒரு கால். எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. தலை தெரிந்ததும் பரிசலில் இருந்த சென்றாயன் பேயைப் பார்த்தவன்போலத் துடுப்பை ஓங்கினான். இன்னாசி தண்ணீருக்கு அடியில் பார்க்கும்படி விரலால் காட்டினான். மூன்று விரலைக் காட்டினான். சென்றாயனுக்குப் புரிந்தது. துடுப்பு கையிலிருந்து நழுவியது. வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம் அவனுடையது. “கொந்துபிட்டே, கொந்துபிட்டே” என்று தலையில் அடித்துக்கொண்டானாம். கொன்றுவிட்டேன் என்று அர்த்தம். அழுதுகொண்டே இன்னாசியைப் பரிசலில் தூக்கிப் போட்டு அவனே கரை சேர்த்தான்.

ஆஸ்பத்திரியில் எழுந்திருக்கவே கூடாது என்றார்கள். திங்கட்கிழமை காலை இன்னாசி கட்டிலிலிருந்து விழுந்து தவழ ஆரம்பித்தான். வேறு வழியில்லாமல் தெரசாவும் காசியம்மாளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, வாடகைக் காரில் தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள்.

பெயரைக் கூப்பிட்டதும் தெரசா அவன் முதுகில் தட்டினாள். அவன் சாட்சிக் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துபோனதால் வழக்கு முடிந்தது என்று நீதிபதி சொன்னார். சட்டம் அப்படித்தான் என்று பிறகு வக்கீல் விளக்கினார். இன்னாசிக்கு அது எதுவும் கேட்கவில்லை. தன்னைப் பேசச் சொல்கிறார்கள் என்று நினைத்தான். காது கேளாதவர்கள் பேசுவதுபோலப் பெரிய குரலில் ஆரம்பித்தான்.

“ஐயா, பச்சியப்பன் குடிக்கலிங்க. அவன் உள்ள இருந்தானுங்க. அவன் கை தூக்கறதுக்கு முன்னாடி...”

டவாலி போட்ட கோர்ட்டுச் சேவகர் வந்து அவன் தோளைத் தொட்டு இறங்கச் சொன்னார். இன்னாசி புரியாமல் தெரசாவைப் பார்த்தான். தெரசா இறங்கி வரும்படி தலையை ஆட்டினாள். வெளியே மரத்தடியில் வைத்து, வழக்கு முடிந்த விஷயத்தை உதட்டசைவில் அவனுக்குப் புரியவைக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

“அப்ப எழுதலியா?” என்று காசியம்மாள் கேட்டாள். “அவரு குடிக்கலன்னு எழுதலியா?”

மாதேஸ்வரன் செத்ததற்காகச் சென்றாயன்மேல் நடந்த வழக்கில் இன்னாசி சாட்சி சொன்னான். அதில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள். சென்றாயன் ஜெயிலுக்குப் போனான். பச்சியப்பன் எப்படிச் செத்தான் என்பது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னாசிக்கு இடது கால் முழங்காலோடு முடிகிறது. கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலைகளைப் பின்னிக் கொடுக்கிறான். யார் எதிரே வந்து உட்கார்ந்தாலும், கேட்காமலே, பெரிய குரலில் பச்சியப்பன் கதையை முதலிலிருந்து சொல்கிறான். கேட்கிறவர்கள் இடையில் எழுந்து போய்விடுகிறார்கள். காசியம்மாளின் மூத்த மகனை ஊரில் இன்னும் குடிகாரன் மகன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பென்னாகரம் பக்கம் உங்களுக்கு உறவோ பழக்கமோ இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடம் சொல்லுங்கள். பச்சியப்பன் சாராயத்தால் சாகவில்லை, அவன் தண்ணீருக்குள் இருக்கும்போதே போட்ட தோட்டாவால் செத்தான் என்று சொல்லுங்கள். கேட்டவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.